சுரங்க மணல் கல்லை நம்பிக் கட்டலாமா?

கேள்வி: ஐயா, வீட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கையறை கட்டப்போகிறேன். தங்கச் சுரங்கக் கழிவு மணலோடு சிமெண்டும் நுரையும் கலந்து செய்த எடை குறைந்த கல் மலிவாகக் கிடைக்கிறது. கூரையைத் தாங்குமா? – வாசகர், லெனேசியா, தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, கூரையை நினைத்துக் கலங்க வேண்டாம். கனமீட்டருக்கு 800 கிலோ எடையுள்ள கல்லில் 3 மீட்டர் சுவர் எழுப்பினால், அடிவரிசையில் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ பாரம்தான் இறங்கும். தகரக் கூரை அதை அதிகம் கூட்டாது. 2 மெகாபாஸ்கல் வலுவுள்ள கல் அதே பரப்பில் சுமார் 20 கிலோ தாங்கும்.

ஆனால் எடையைப் பாதியாக்கினால் வலு பாதியோடு நிற்பதில்லை. 1600 கிலோ நுரைக் கான்கிரீட்டை 800 ஆக்கினால் வலு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆய்வுக்கூடத்தில் இத்தகைய கற்களை நசுக்கிப் பார்த்திருக்கிறேன். சாதாரணக் கான்கிரீட் படாரென்று வெடிக்கும். இது சத்தமில்லாமல் பொடிந்து அமுங்கும். இழுவிசையில் இன்னும் பலவீனம். 150 லிட்டர் கீஸரில் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. அதை இந்தச் சுவரில் சாதாரண ஆணியில் மாட்டினால் பெயர்ந்து வரும். சுவரை ஊடுருவும் போல்ட்டும் மறுபுறம் இரும்புத் தகடும் வேண்டும்.

எனக்கு உண்மையான கவலை மணலைப் பற்றித்தான். 1886 முதல் நம் தங்கச் சுரங்கப் பகுதியான விட்வாட்டர்ஸ்ரான்டில் தோண்டிய தங்கப் பாறையில், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற தாது உண்டு. ஈரமும் காற்றும் பட்டால் அது கந்தக அமிலமாகும்; அதிலிருந்து வரும் சல்பேட் சிமெண்டோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே உப்பும். வார்த்த 28ஆம் நாள் செய்யும் வலுச் சோதனையில் தேறிய கல், சில மழைக்காலம் கழித்து வெடிப்பு விடலாம். அதே பாறையில் யுரேனியமும் இருக்கிறது. குழந்தைகள் தூங்கும் அறைக்கு இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாங்குமுன் ஒரு கல்லை இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் விளிம்பை ஆணியால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உதிராவிட்டாலும் அது போதாது. நனைந்த நிலையில் எடுத்த வலுச் சோதனை, மணலின் கந்தக அளவு, கதிர்வீச்சு அளவு ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் அறிக்கை கேளுங்கள். சில ஆலைகள் பைரைட்டை முறையாகப் பிரித்தெடுத்த மணலைத்தான் பயன்படுத்துகின்றன. அவர்களுக்கு இதைக் காட்டத் தயக்கம் இருக்காது. அறிக்கை தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.