விற்ற மெஷினுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். சின்ன வெங்காயம் தோல் உரிக்கும் மெஷின் செய்து, எட்டு மாதத்துக்கு முன் இரண்டு ஹோட்டல்களுக்கு விற்றேன். யூடியூபிலும் வீடியோ போட்டேன். பெரிய காய்கள் நசுங்குவதாகச் சொன்னார்கள். என்னிடம் வேலை பார்க்கும் ஃபிட்டர் தம்பி, டிரம்முக்குள் காற்றை விட்டுவிட்டு அடிக்கும்படி ஒரு வால்வு அமைப்பு செய்தார். இப்போது நசுங்குவதில்லை. டிரம்முக்குள் ஒட்டும் ரப்பரைத் தனிக் கலவையில் செய்து வாங்குகிறேன். கோவைக் கம்பெனி ஒன்று டிராயிங் கேட்கிறது. நண்பர்கள் பேட்டன்ட் வாங்கச் சொல்கிறார்கள், ஆடிட்டர் வீண் செலவு என்கிறார். என்ன செய்வது ஐயா?

பதில்: கசப்பான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விற்ற மெஷினுக்கு இனி காப்புரிமை கிடைக்காது. விண்ணப்பிக்கும் நாளில் அது யாருக்கும் தெரியாததாக இருக்க வேண்டும் என்பது நம் சட்டத்தின் அடிப்படை. நீங்களே விற்றாலும், நீங்களே வீடியோ போட்டாலும் அது வெளியே போனதுதான். பொது இடத்தில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்கிற கருவிக்கு ஓராண்டுச் சலுகை உண்டு. மத்திய அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தாலும் உண்டு. காசு வாங்கி விற்றது இரண்டிலும் சேராது. வீடியோவை இப்போது அழிப்பதாலும் பயனில்லை.

ஆனால் அந்த வால்வு இன்னும் பட்டறையை விட்டு வெளியே போகவில்லை. உங்கள் கையில் இருக்கும் சொத்து அதுதான். அதனால் டிராயிங்கை இப்போது அனுப்பாதீர்கள். விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு, ரகசியம் காப்பதாக அவர்களிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்புறம் காட்டுங்கள்.

சரி, வால்வுக்குக் காப்புரிமை கிடைக்குமா? உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் இரண்டு பாத்திர உற்பத்தியாளர்களுக்குள் நடந்த வழக்கை நான் பட்டறைக்காரர்களுக்கு அடிக்கடி சொல்வேன். கடைவதற்காகப் பாத்திரத்தை லேத்தில் பிடித்து நிறுத்தும் முறை ஒன்றுக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பட்டறையில் வேலை தெரிந்த எவரும் இயல்பாகச் செய்யக்கூடிய முன்னேற்றம் மட்டும் போதாது, அதைத் தாண்டி ஏதாவது இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் எங்கே வரும் என்றால், காற்றை விட்டுவிட்டு அடிப்பது புதிதல்ல. ஆலைகளில் தூசி வடிகட்டும் பைகளைச் சுத்தம் செய்ய அப்படித்தான் அடிக்கிறார்கள். காற்றால் வெங்காயம் உரிப்பதும் ஏற்கெனவே உண்டு. இரண்டையும் சேர்த்தேன் என்று மட்டும் எழுதினால், தெரிந்த பொருள்களை அடுக்கிவைத்ததுதானே என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் திருப்பி அனுப்பிவிடுவார். டிரம் சுற்றும் வேகத்துக்கும் காற்று அடிக்கும் இடைவெளிக்கும் என்ன தொடர்பு வைத்தால் பெரிய காய் நசுங்காமல் சின்னக் காயும் உரிகிறது? புதுமை இருந்தால் அங்கேதான் இருக்கும். எத்தனை கிலோ போட்டீர்கள், எந்த இடைவெளியில் எவ்வளவு நசுங்கியது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். விண்ணப்பத்துக்கு அந்த நோட்டுதான் உயிர். காப்புரிமை அலுவலக இணையதளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் இலவசமாகத் தேடலாம். இரண்டு மூன்று நாள் பொறுமையாக உட்கார்ந்து தேடுங்கள்.

முதலில் புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தேதி பதிவாகிவிடும். முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம் உண்டு, மேற்கொண்டு செய்யும் சோதனைகளை அதில் சேர்க்கலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, ஆன்லைனிலேயே போடலாம். தனிநபராகவோ சிறு நிறுவனமாகவோ விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும்படி அலுவலகத்தைக் கோர 4,000 ரூபாய். பரிசோதனையை 31 மாதத்துக்குள் கோராவிட்டால் விண்ணப்பமே காலாவதியாகிவிடும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விண்ணப்பத்தை எழுதித் தரும் காப்புரிமை ஏஜென்டின் கட்டணம் தனி, பெரிய செலவு அதுதான். ஆனாலும் எழுதுவதை நீங்களே செய்து மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் கோரிக்கை வாசகத்தில் ஒரு சொல் தவறினால் பக்கத்துப் பட்டறைக்காரர் அந்தச் சந்து வழியாகப் போய்விடுவார்.

ரப்பர் கலவை வேறு கதை. ஸ்பேனர் வைத்துப் பிரித்தால் வால்வு தெரிந்துவிடும், அதனால் அதற்குக் காப்புரிமை. கலவையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதல்ல, அதனால் ரகசியமாகவே வைத்துக்கொள்ளலாம். காப்புரிமைக்கு எழுதியது 18 மாதத்தில் ஊருக்கே தெரியும், 20 ஆண்டில் யாரும் செய்யலாம். ரகசியத்துக்கு அந்தக் கெடு இல்லை. ஆனால் கவனம்: உங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த செயல்முறையை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது என்கிறது சட்டம். சாதாரண ரப்பரிலும் வால்வு இதே பலன் தருகிறதா என்று முதலில் சோதியுங்கள். தராவிட்டால் கலவையையும் எழுதத்தான் வேண்டும். செய்து கொடுப்பவரிடம் ஒப்பந்தம் போடுங்கள். வணிக ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தம்தான் முக்கியமான பிடிமானம்.

ஆடிட்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரட்டை ஸ்பார்க் பிளக் இன்ஜின் காப்புரிமைக்காக பஜாஜும் டிவிஎஸ்ஸும் 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய சண்டை 2019-இல் சமரசத்தில்தான் முடிந்தது. உங்களால் அப்படி 12 ஆண்டு வழக்காட முடியாது, வேண்டவும் வேண்டாம். உங்களுக்கு இதன் பயன் அந்தக் கோவைக் கம்பெனியோடு பேசும்போது தெரியும். டிராயிங்கை மட்டும் கொடுத்தால் நன்றி சொல்வார்கள். விண்ணப்ப எண்ணோடு போனால் மெஷினுக்கு இவ்வளவு ராயல்டி என்று பேசலாம்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வால்வை யோசித்தவர் ஃபிட்டர் தம்பி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்டுபிடித்தவர் இடத்தில் அவர் பெயர்தான் வர வேண்டும். உரிமையை அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்தால்தான் நீங்கள் விண்ணப்பதாரர் ஆக முடியும். சம்பளம் கொடுத்தேன், அதனால் எனக்குத்தான் என்று விட்டால், பின்னால் காப்புரிமையே ரத்தாகலாம். ராயல்டியில் அவருக்கு ஒரு பங்கும் எழுதுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அடுத்த யோசனையும் அவரிடமிருந்துதான் வரப்போகிறது.

மெஷினுக்கு ‘ஆனியன் பீலர்’ மாதிரி பொதுப் பெயர் வைத்தால் டிரேட்மார்க் கிடைப்பது கடினம். புதிதாக ஒரு சொல் பிடியுங்கள். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் அது பேரன் காலத்திலும் நிற்கும்.

புது வால்வு ஓடும் வீடியோவை எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விண்ணப்ப எண் வரும்வரை அது உங்கள் போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்பிலும் போட வேண்டாம்.