ஹால்ஸ்டாட்டுக்கு ஒரு நாள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஹால்ஸ்டாட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்வார்கள். ஆல்ப்ஸ் மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கிராமத்துக்கு உறவினர்களோடும் சிநேகிதர்களோடும் பலமுறை போயிருக்கிறேன். சில முறை வழிகாட்டி வைத்து, சில முறை நாங்களாகவே. தனி வண்டியும் வழிகாட்டியுமாகப் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ரேவதி, கோவை: அக்கா, வியன்னாவில் மூன்று நாள் தங்குகிறோம். அதில் ஒரு நாள் தனி கார், வழிகாட்டியோடு ஹால்ஸ்டாட் போய்வர முடியுமா?

முடியும் ரேவதி, ஆனால் நான் அப்படிப் போகச் சொல்ல மாட்டேன். வியன்னாவிலிருந்து ஏறக்குறைய 290 கிலோமீட்டர். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. ஏழு மணி நேரம் காரிலேயே போய்விடும். அங்கே இறங்கியதும் வழிகாட்டி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஒரு இரவை சால்ஸ்பர்க்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இங்கிருந்து 75 கிலோமீட்டர்தான், ஒன்றேகால் மணி நேரம். வியன்னாவை விட்டு நகரவே முடியாது என்றால் ரயிலில் போங்கள். அட்னாங்-புக்ஹைம் என்ற இடத்தில் மாற வேண்டும். ஹால்ஸ்டாட் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. இறங்கியவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு சின்னப் படகு காத்திருக்கும், பத்து நிமிடத்தில் அக்கரை. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி எதிரே வரும். 1890 வரை இந்த ஊருக்குச் சாலையே கிடையாது, படகு அல்லது மலைப்பாதைதான். அந்தக் காலத்தில் வந்தவர்கள் கண்டது போலவே நீங்களும் ஊரைப் பார்ப்பீர்கள். காரில் வந்தால் சுரங்கப்பாதைக்குள் போய் வாகன நிறுத்தத்தில் வெளியே வருவீர்கள்.

முத்துக்குமார், சிங்கப்பூர்: தனிப் பயணத்துக்குப் பல மடங்கு பணம் கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்கு என்னதான் கிடைக்கும்?

அது நீங்கள் யாரை அமர்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது சார். ஆஸ்திரியாவில் சுற்றுலா வழிகாட்டி என்பது பரீட்சை எழுதி உரிமம் வாங்கிச் செய்யும் தொழில். ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு. இரண்டையும் ஒருவரே செய்வதும் உண்டு, அதற்கும் உரிமம் வேண்டும். விளம்பரத்தில் "தனிப்பட்ட வழிகாட்டுதலுடன்" என்று இருக்கும், காலையில் வந்து நிற்பவரோ நல்ல ஓட்டுநராக மட்டும் இருப்பார்.

என் சித்தி குடும்பம் வந்தபோது இதுதான் நடந்தது. ஒரு நிறுவனத்தில் ஆறு பேருக்கு வேன் பிடித்தோம். சொன்ன நேரத்துக்கு 50 நிமிடம் தாமதமாக வந்தார்கள். ஊர் எல்லையில் இறக்கிவிட்டு, "இரண்டு மணி நேரத்தில் இங்கேயே வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். மண்டையோடுகளை அடுக்கி வைத்திருக்கும் எலும்பு இல்லத்தின் வாசலைக்கூடச் சித்தி பார்க்கவில்லை. பணம் போனதைவிட, 70 வயதில் அவ்வளவு தூரம் வந்தவர் பார்க்காமல் திரும்பியதுதான் இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

அதனால் முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருபவருக்கு வழிகாட்டி உரிமம் இருக்கிறதா, அவர் எங்களோடு நடந்து வருவாரா? கிராமத்துக்குள் எத்தனை மணி நேரம்? நான்கு மணி நேரத்துக்குக் குறைவென்றால் வேண்டாம். மலை ரயில், உப்புச் சுரங்கம், வாகன நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்ததா, தனியா? மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஃபாத்திமா, சென்னை: எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

காலை ஒன்பதுக்கு முன். ஊரில் குடியிருப்பவர்கள் 800 பேருக்கும் குறைவு. உச்சப் பருவத்தில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்திருக்கிறார்கள். 2020 முதல் சுற்றுலாப் பேருந்துகள் முன்பதிவு செய்துதான் வர முடியும், ஆனாலும் பத்து மணிக்கு மேல் ஏரிக்கரைச் சாலையில் தோள் இடிக்கும். இன்னொன்று, மலை ஊருக்கு மேற்கே இருப்பதால் காலை வெயில்தான் வீடுகள் மேல் விழும். பிற்பகலில் ஊர் நிழலுக்குள் போய்விடும்.

செந்தில், மதுரை: பத்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளோடு வருகிறோம். உப்புச் சுரங்கம் அவர்களுக்குப் பிடிக்குமா? நேரம் குறைவென்றால் விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள் செந்தில். வேறு எதை விட்டாலும் பரவாயில்லை. ஹால்ஸ்டாட் அங்கே இருப்பதற்கே அந்தச் சுரங்கம்தான் காரணம். விவசாயத்துக்கு நிலமில்லை, வீடு கட்டவே இடமில்லை. அப்படிப்பட்ட செங்குத்தான மலையடியில் மனிதர்கள் குடியேறியதே உப்புக்காகத்தான். சுமார் 7,000 ஆண்டுகளாக அங்கே உப்பு எடுத்திருக்கிறார்கள்.

பழனி விஞ்ச் மாதிரி ஒரு மலை ரயில் மேலே ஏற்றிவிடும். இறங்கியதும் ருடால்ஃப் கோபுரம். சுரங்கத்தைக் காக்க 1284இல் கட்டி முடித்தது, இப்போது உணவகம். பக்கத்திலேயே வெற்றுவெளியில் நீட்டிக்கொண்டு நிற்கும் காட்சிமேடை, காலுக்குக் கீழே 350 மீட்டர் ஆழத்தில் கிராமம். அதைத் தாண்டி நடந்தால் வரும் பள்ளத்தாக்குதான் பழங்கால இடுகாடு. 1846இல் யோஹான் கியோர்க் ராம்சவர் என்ற சுரங்க அதிகாரி அங்கே தோண்ட ஆரம்பித்தார். 1863 வரை 980 கல்லறைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் எலும்பு எப்படிக் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று குறிப்பெடுத்து, வண்ண ஓவியமாகவும் பதிவு செய்ய வைத்தார். முறையான தொல்லியல் பயிற்சி இல்லாதவர் அவர்! அங்கே கிடைத்தவற்றை வைத்துத்தான் ஐரோப்பாவின் தொடக்க இரும்புக் காலத்துக்கே இன்று "ஹால்ஸ்டாட் பண்பாடு" என்று பெயர்.

சுரங்கத்துக்குள் ஆண்டு முழுக்க 8 டிகிரிதான். மே மாதமானாலும் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். மேலே போட்டுக்கொள்ள மேலங்கி கொடுப்பார்கள். சுரங்கத் தொழிலாளர் சறுக்கிய மரச் சறுக்கலில் நீங்களும் சறுக்கலாம், பெரியதன் நீளம் 64 மீட்டர். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எனக்கு அங்கே பிடித்தது ஒரு மரப்படிக்கட்டு. 2003இல் கண்டெடுத்தார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, அது கி.மு. 1344 வாக்கில் வெட்டிய மரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உப்பு அதை மட்கவிடவில்லை. பலகைகளில் மிதிபட்டுத் தேய்ந்த இடம் தெரியும், அதில் நடந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

பத்து வயதுக்காரனிடம் இதையும் சொல்லுங்கள். அந்தச் சுரங்கத்தில் கிடைத்த 2,700 ஆண்டு பழைய மனித மலத்தை ஆராய்ந்து, அவர்கள் நீலப்பூசணச் சீஸும் பீரும் சாப்பிட்டதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உப்பு அதையும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சுரங்கத்துக்குள் விடுவதில்லை. மலை ரயில் புதுப்பிப்புக்காகவும் பராமரிப்புக்காகவும் நீண்ட நாள் மூடுவது உண்டு. தேதி முடிவு செய்யும் முன் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஜெனிஃபர், தூத்துக்குடி: மண்டையோடுகளில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்களாமே, கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது. போகலாமா?

தாராளமாகப் போகலாம் ஜெனிஃபர். பயமுறுத்துகிற இடம் இல்லை அது.

கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் புனித மிக்கேல் சிற்றாலயம், அதன் அடியில் எலும்பு இல்லம். கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் கைக்குட்டை அளவுதான். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அடுத்தவருக்கு இடம் வேண்டும். அப்போது பழைய கல்லறையைத் திறந்து, மண்டையோட்டை எடுத்து, வெயிலிலும் நிலவிலும் வைத்து வெளுக்கச் செய்து, பூ வரைந்து உள்ளே வைத்துவிடுவார்கள். அங்கே இருக்கும் 1,200 மண்டையோடுகளில் 610இல் ஓவியம் உண்டு, குடும்பம் குடும்பமாக அடுக்கியிருப்பார்கள். நெற்றியில் பெயரும் ஆண்டும், சுற்றிலும் பச்சை இலை மாலை. சிலதில் ரோஜா, சிலதில் ஐவிக் கொடி. குனிந்து பார்த்தால் தூரிகை இழை தெரியும், இலையின் நரம்புகூட விடாமல் வரைந்திருக்கிறார்கள். தெரிந்த முகத்துக்கு வரைவது போன்ற பொறுமை அது.

கடைசியாக 1995இல் ஒரு பெண்ணின் மண்டையோட்டை வைத்தார்கள். 1983இல் இறந்தவர், அங்கேதான் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். தங்கப்பல் மின்னும், அதை வைத்து அடையாளம் காணலாம். 1960களில் கத்தோலிக்கத் திருச்சபை எரியூட்டலுக்கு அனுமதி கொடுத்த பிறகு வழக்கம் குறைந்தது.

உள்ளே சத்தமாகப் பேசாதீர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கீழே தெருவில் கடை வைத்திருக்கிறார்கள். அப்படியே பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளும் ஒரு முறை போய்வாருங்கள். லியோன்ஹார்ட் ஆஸ்டில் செதுக்கிய 16ஆம் நூற்றாண்டு இறக்கைப் பீடம், அதாவது கதவு போலத் திறந்து மூடும் பக்கப் பலகைகள் உள்ள பீடம், அங்கே இருக்கிறது. நீங்கள் வருவது நற்கருணைப் பெருவிழா நாளாக அமைந்தால் பாக்கியம். 1623 முதல் பவனியை ஏரியில் படகுகளில் நடத்துகிறார்கள்.

தயாளினி, முனிக்: அக்கா, நாங்கள் காரில வரலாம் எண்டு யோசிக்கிறம். அம்மாவும் வாறா. அவவுக்கு முழங்கால் நோ, கன படி ஏறமாட்டா. சரிவருமோ?

சரிவரும் தயாளினி. முனிக்கிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு விக்னெட் (சுங்கக் கட்டண வில்லை) எடுக்க மறக்காதீர்கள். அம்மாவுக்கு ஏரிக்கரைச் சாலையும் சந்தைச் சதுக்கமும் சமதரை, மெதுவாக நடக்கலாம். கோயிலுக்கும் எலும்பு இல்லத்துக்கும் படிகள் நிறைய, அவை வேண்டாம். சுரங்கமும் வேண்டாம், உள்ளே நடையும் படியும் அதிகம். மலை ரயிலில் மேலே போய்க் காட்சி பார்க்கலாம், ஆனால் காட்சிமேடைக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும் என்பதால் அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் மேலே போகும்போது அம்மாவைச் சதுக்கத்தில் உட்கார வையுங்கள். 1750இல் பெரும் தீயில் அந்தப் பகுதி எரிந்து, திரும்பக் கட்டியது அது. வீட்டுச் சுவரோடு ஒட்டிப் பேரிக்காய் மரங்கள் வளர்த்திருப்பார்கள். நடத் தோட்டமில்லாததால் கிளைகளைச் சுவரில் கட்டிப் படர விட்டிருக்கிறார்கள், கொடி போலத் தட்டையாக மூன்றாம் மாடி ஜன்னல் வரை ஏறும். ஏரியில் படகுச் சவாரியும் அம்மாவுக்குப் பிடிக்கும்.

கணேசன், கும்பகோணம்: சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டோம். பட்டினிதானா?

பட்டினி இல்லை மாமா, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். சைவம் என்று காட்டும் சீஸ் நூடுல்ஸ் மாதிரியான ஷ்பேட்ஸ்லேயில் மாவிலேயே முட்டை இருக்கும். கைசர்ஷ்மார்ன் என்ற இனிப்புப் பலகாரம் முழுக்க முட்டை. சூப்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. வேகவைத்த உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஆப்பிள் ஷ்ட்ரூடல் சில இடங்களில் முட்டையில்லாமல் இருக்கும், கேளுங்கள். சால்ஸ்பர்க்கில் கிளம்பும்போதே எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்வதுதான் என் வழக்கம். ஏரிக்கரை பெஞ்சில் சாப்பிடலாம், அன்னப் பறவைகளுக்குப் போடாதீர்கள்.

(மீன் சாப்பிடுபவர்களுக்கு: ரைனாங்கே என்ற ஏரி மீனைக் கேளுங்கள்.)

பிரவீன், பெங்களூரு: அந்தப் பிரபலமான போட்டோ எங்கே எடுப்பது? டிரோன் கொண்டு வரலாமா?

படகுத்துறையிலிருந்து வடக்கே சாலையோடு ஐந்து நிமிடம் நடந்தால் அந்த இடம். டிரோன் வேண்டாம் தம்பி. அந்த இடத்தில் நின்று கூச்சல் போடுபவர்களைத் தாங்க முடியாமல் 2023 மே மாதம் பார்வையை மறைத்து மரவேலியே அடித்தார்கள், பிறகு எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். எதிரே உள்ள ஜன்னல்களுக்குப் பின்னால் ஆட்கள் தூங்குகிறார்கள். எடுத்ததும் நகர்ந்துவிடுங்கள்.

அந்தப் படத்தில் தெரியும் கூர்மையான கோபுரம் லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) ஆலயத்துடையது, 1863இல் முடிந்தது. சுரங்கத் தொழிலாளர்களில் பலர் நீண்ட காலம் மறைவாகவே அந்த நம்பிக்கையை வைத்திருந்தார்கள். 1781இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் வழிபட அனுமதித்தபோதும், கோபுரமும் மணியும் கூடாது என்று நிபந்தனை. இத்தனை ஆண்டு காத்திருந்து கட்டிய கோபுரம் என்று தெரிந்தபின் எனக்கு அந்தப் படமே வேறாகத் தெரிகிறது.

வித்யா, சென்னை: ஒரே நாளில் சங்க்ட் கில்கன், சங்க்ட் வொல்ஃப்காங், பாட் இஷ்ல், ஹால்ஸ்டாட், கோசாவ் ஏரி என்று ஐந்து இடம் காட்டுவதாகச் சொல்கிறார்கள்...

ஐந்து வாகன நிறுத்தங்களைப் பார்ப்பீர்கள் வித்யா. காலையில் நேராக ஹால்ஸ்டாட், திரும்பும்போது ஒன்றே ஒன்று. பிள்ளைகள் இருந்தால் கோசாவ் ஏரி. வரலாறு பிடித்தால் பாட் இஷ்ல், 1914 ஜூலை 28இல் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் செர்பியா மீது போர் அறிவித்துக் கையெழுத்திட்டது அங்கேதான். இசை பிடித்தால் சங்க்ட் கில்கன், மொசார்ட்டின் அம்மா பிறந்த ஊர்.

அருண், திருச்சி: டிசம்பரில் வரலாமா? போவதும் வருவதும் ரயிலில்தான்.

வரலாம். பனி விழுந்த கூரைகள் மிக அழகு. ஆனால் மலை உயரமானதால் சூரியன் சிறிது நேரம்தான் எட்டிப் பார்க்கும், நான்கரைக்கெல்லாம் இருட்டு. சுரங்கம், எலும்பு இல்லம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலுக்கு நல்ல பிடிமானமுள்ள பூட்ஸ் வேண்டும்.

ரயிலில் திரும்புவதால் ஒன்று முக்கியம். படகுச் சேவை மாலையிலேயே முடிந்துவிடும், அதற்குப் பிறகும் எதிர்க்கரையில் ரயில் நிற்கும், உங்களால்தான் போக முடியாது. காலையில் இறங்கியதும் துறையில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறிவிட்டால் டாக்ஸி பிடித்து ஏரியைச் சுற்றி ஓபர்டிரவுன் நிலையத்துக்குப் போங்கள், ஐந்து கிலோமீட்டர் இருக்கும்.