வெளிநாட்டு கிளப் சம்பளம் தராவிட்டால் ஆப்பிரிக்க கால்பந்து வீரர் விலகலாமா?

கானாவிலிருந்து போய் வெளிநாட்டில் இரண்டாம் டிவிஷனில் ஆடுபவருக்குச் சம்பளம் நின்றுவிட்டால் விலகலாமா என்பது கேள்வி. விலகலாம், ஆனால் அன்றைக்கே அல்ல. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் '14 பிஸ்' என்ற விதிப்படி குறைந்தது 2 மாதச் சம்பளம் பாக்கி இருக்க வேண்டும். எந்த மாதம், எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கு என்று எழுதி, கிளப்புக்கு 15 நாள் கெடு கொடுக்க வேண்டும். அதற்குள் முழுப் பாக்கியும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம்.

பலர் சறுக்குவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். கிளப்போ 'ஓடிப்போனார்' என்று நஷ்டஈடு கேட்கும். ஆகவே கெடுவை மின்னஞ்சலில் அனுப்பி நகலை வைத்திருங்கள். கையெழுத்தான ஒப்பந்தப் பிரதியும் கையில் வேண்டும், ஏஜென்ட்டிடம் அல்ல.

ஃபிஃபா தீர்ப்பாயத்தில் 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். வீரருக்குக் கட்டணம் இல்லை. வேறு நாட்டுக் கிளப்பில் பதிவாகத் தேவையான சர்வதேச மாற்றுச் சான்றிதழ், ஒரு நாட்டுக் கால்பந்துச் சங்கத்திலிருந்து இன்னொரு நாட்டுச் சங்கத்துக்கு நேரே போவது. அதை 'வாங்கித் தருகிறேன்' என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.