மீன் லோடுக்குப் புது பிக்கப்பா, பழசா? ஓட்டக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: சென்னை காசிமேட்டிலிருந்து மாதவரம், செங்குன்றம் பக்கம் மீன் லோடு அடிக்கிறேன். தினமும் 70 கிலோமீட்டர் ஓட்டம். 2017 மாடல் டீசல் பிக்கப் 4 லட்சத்துக்கு வருகிறது. புதுசு என்றால் 9 லட்சம் ஆகும், ஆனால் மைலேஜ் நன்றாகத் தருமாம். எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் ஓட்டத்துக்குப் பழைய வண்டியே போதும். ஆனால் ஏற்கெனவே மீன் ஏற்றிய வண்டியாக இருந்தால் மட்டும் வேண்டாம்.

மாதம் 26 நாள் என்றால் 1,820 கிலோமீட்டர். பழசு லிட்டருக்கு 12, புதுசு 15 தருகிறது, டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதுசில் மிச்சமாவது 30 லிட்டர், அதாவது சுமார் 2,800 ரூபாய். கூடுதலாகப் போடும் 5 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் என்றால் மாதத் தவணை 10,900 ரூபாய். பழைய வண்டியின் ரிப்பேருக்கு மாதம் 3,000 ஒதுக்கினாலும் புதுசு கட்டுப்படியாகாது. தினமும் 200 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குத்தான் புதுசு கைகொடுக்கும். உங்கள் தொழிலில் இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லோடு குறைந்தாலும் தவணை குறையாது.

பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வரும் புது டீசல் வண்டியில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி உண்டு. கரி சேர்ந்ததும் இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தி, சைலன்சர் பக்கம் சூடேற்றி அதை எரிக்கும். அதற்கு வண்டி நிற்காமல் 20, 30 நிமிடம் ஓட வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தால் அது நடக்காது. பாதியிலேயே இன்ஜினை அணைத்துவிட்டால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் அதுதான் காரணம். புதுசு எடுத்தே ஆக வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை ஜி.என்.டி. ரோட்டில் கும்மிடிப்பூண்டி பக்கம் அரை மணி நேரம் 60 வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயிலும் கம்பெனி புத்தகத்தில் சொன்ன தரத்திலேயே ஊற்ற வேண்டும். மலிவு ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிட்டால் எப்படியும் எரியாது.

பழசு பார்க்கப் போகும்போது இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பனிக்கட்டி உருகி வழியும் உப்புத் தண்ணீர்தான் காசிமேட்டு வண்டிகளுக்கு எமன். லோடு ஏற்றும் தொட்டிக்கும் சேஸ் எனும் அடிச்சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு, லீஃப் ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட், சேஸ் ஓரமாகப் போகும் பிரேக் பைப் ஆகிய மூன்று இடங்களிலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் விலை பேசாமலே கிளம்பிவிடுங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். சேஸில் மட்டும் புதுக் கருப்பு பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பிரேக் பைப் அரித்திருந்தால் லோடோடு போகும்போது வெடிக்கலாம். இதில் சமரசமே கூடாது.

இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை விட்டுவிட்டுக் குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அப்புறம் இன்ஜெக்டர். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

விற்பவர் சொல்லும் மைலேஜை நம்பாதீர்கள். டேங்கை நிரப்பி, லோடோடு 200 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். குறைவாக வந்தால் ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிடித்துக்கொண்டு நின்றால் பிரேக் உரசுகிறது. பல வண்டிகளில் டீசல் போகிற இடம் இதுதான்.

4 லட்சத்தை அப்படியே கொடுக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. புதுசின் விலை இறங்கினால் பழசும் இறங்கியாக வேண்டும். எட்டு வருடம் கடந்த வண்டிக்கு எஃப்சி எனும் தகுதிச் சான்று வருடாவருடம் எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் எஃப்சி தேதி, பாக்கி அபராதம், ஆர்சியில் பழைய ஃபைனான்ஸ் கடன் பதிவு ரத்தாகியிருக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துவிடுங்கள்.