வேர்ட்ல திறந்தா பக்கம் ஏன் தள்ளிப்போகுது?

வாசகர் கேள்வி: லிப்ரே ஆபிஸ்ல (வேர்ட் மாதிரி இலவச சாஃப்ட்வேர்) 40 பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தமிழ்ல டைப் பண்ணி டாக்எக்ஸா, அதாவது வேர்ட் ஃபார்மட்ல, சேவ் பண்ணேன். ஜெராக்ஸ் கடைல வேர்ட்ல திறந்தா 43 பக்கம் வருது, டேபிள்லாம் பாதில உடையுது. லிப்ரே ஆபிஸ் வழக்கமா சேவ் பண்ற ஓடிஎஃப் ஃபார்மட்ல சேவ் பண்ணா சரியாகுமா?

ஆகாதுங்க. முதல்ல ஃபாண்ட்ட பாருங்க, பெரும்பாலும் வில்லன் அதுதான். ஃபைல்ல வழக்கமா இருக்கறது ஃபாண்டோட பேரு மட்டும்தான், அந்த ஃபாண்ட் கடை கம்ப்யூட்டர்ல இல்லேன்னா வேர்ட் தானா வேற ஒன்ன எடுத்து போட்டுக்கும், எழுத்தோட அகலம் துளி மாறினாலும் வரி வேற இடத்துல உடையும், அப்புறம் பக்கம் பக்கமா தள்ளிக்கிட்டே போகும். இங்கிலீஷுக்கு இதுக்குன்னே மாற்று ஃபாண்ட் செஞ்சு வச்சிருக்காங்க, கலிப்ரிக்கு கார்லிடோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா, அகலம் அப்படியே ஒத்துப்போகும். தமிழுக்கு அதை நம்ப முடியாது. அதனால நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி இலவச ஃபாண்ட்ல டைப் பண்ணுங்க, ஃபாண்ட் ஃபைலையும் பென்டிரைவ்ல எடுத்துட்டு போய் கடை கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ண சொல்லுங்க. இன்னொன்னு, ஸ்டைல்ல தமிழுக்கு காம்ப்ளெக்ஸ் அல்லது சிடிஎல்னு தனி இடம் இருக்கும், ஃபாண்ட்ட அங்க மாத்தணும், இங்கிலீஷுக்கான வெஸ்டர்ன்ல மட்டும் மாத்தினா தமிழ் எழுத்து அசையவே அசையாது. நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க.

அடுத்த பக்கம் போக என்டர் தட்டிக்கிட்டே போயிருந்தா அதையும் எடுத்துடுங்க, கன்ட்ரோல் என்டர் ஒரு தடவை போதும்.

ஃபார்மட்டுக்கும் பங்கு இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஓடிஎஃப் 2006ல ஐஎஸ்ஓங்கற சர்வதேச தர அமைப்போட ஸ்டாண்டர்ட் ஆச்சு, டாக்எக்ஸ் 2008ல ஆச்சு. ஆனா டாக்எக்ஸ்ல ஸ்ட்ரிக்ட், ட்ரான்சிஷனல்னு ரெண்டு வகை, வேர்ட் வழக்கமா சேவ் பண்றது ரெண்டாவது, பழைய வேர்டோட பழக்கமெல்லாம் அதுல சேந்தே வரும், மத்த சாஃப்ட்வேர் அதை அப்படியே பிடிக்கறது கஷ்டம். ஒரே ஃபைல இங்கயும் அங்கயும் மாத்தி மாத்தி சேவ் பண்ணா ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொஞ்சம் உதிரும், தயவுசெஞ்சு அதை பண்ணாதீங்க.

மூல ஃபைல் ஓடிஎஃப்லயே இருக்கட்டும், வருஷக்கணக்கா வச்சிருக்க வேண்டிய வேலைக்கு அதுதான் என் தேர்வு. கைடு திருத்த கேட்டா டாக்எக்ஸ் காப்பி அனுப்புங்க, அவர் சொன்ன திருத்தத்த மூலத்துல நீங்களே போடுங்க. பிரிண்டுக்கு பிடிஎஃப் மட்டும் குடுங்க, ஃபாண்ட் அதுக்குள்ளயே வந்துடும், 40 பக்கம் 40 பக்கமாவே அடிக்கும்.