சர்வரைத் தின்பது யார்?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் சிபியு 80 சதவீதம் ஓடுகிறது. ஆனால் ‘டாப்’ கட்டளையில் எந்தப் புரோகிராமும் அதிகம் எடுப்பதாகத் தெரியவில்லை. மொத்த மெஷினையும் அலச முடியுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: முடியும். 2009-இல் லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்த ‘பெர்ஃப்’ என்ற அலசும் கருவி இருக்கிறதே! ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து ‘பெர்ஃப் ரெக்கார்ட்’ ஓட்டுங்கள். சின்ன ‘ஏ’ போட்டால் எல்லா சிபியுவும், சின்ன ‘ஜி’ போட்டால் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற சங்கிலியும் பதிவாகும். பெரிய ‘எஃப்’ 99 என்றால் நொடிக்கு 99 முறை எட்டிப் பார்க்கும். முழுசாக 100 வைத்தால், அதே தாளத்தில் ஓடும் டைமர் வேலைகளோடு ஒத்துப்போய் கணக்கு பிசகலாம். கடைசியில் ‘ஸ்லீப் 30’. அரை நிமிடம் தாராளம். அப்புறம் ‘பெர்ஃப் ரிப்போர்ட்’ ஓட்டினால், சிபியுவை எது எவ்வளவு தின்றது என்று தெரியும்.

உங்கள் கதை எனக்குப் பழகியதுதான். ஒரு வாரம் டேட்டாபேஸைத் திட்டித் தீர்த்தோம். கடைசியில் பார்த்தால், நாங்களே எழுதிய கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ‘கிரெப்’ என்ற தேடல் கட்டளையை ஆயிரக்கணக்கில் பிறப்பித்துக்கொண்டிருந்தது! ஒவ்வொன்றும் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுவதால் ‘டாப்’பில் சிக்கவே இல்லை.

சங்கிலி அறுந்து தெரிந்தால், பெரும்பாலும் ஃபிரேம் பாயின்டர் (எந்த ஃபங்ஷன் அழைத்தது என்று பின்தொடர உதவும் சுட்டி) இல்லை என்று அர்த்தம். உபுண்டு 24.04-இன் பேக்கேஜ்களில் அது இருக்கிறது. முக்கியமாக, சர்வர் திணறும் நேரத்திலேயே பதிவு செய்யுங்கள்.