கரிசல் மண்ணை உறுதிப்படுத்துதல்: கேள்வி பதில்

கேள்வி (கோவில்பட்டி): வீட்டுக்கு முன் பேவர் பிளாக் பதிக்கப் போகிறோம். கரிசல் மண்ணில் சிமென்ட் கலப்பதா, சுண்ணாம்பு கலப்பதா?

பதில்: சுண்ணாம்பே பொருந்தும். கரிசலிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் தன் அடுக்குகளுக்கிடையே நீரை இழுத்து வீங்குவது. சுண்ணாம்பின் கால்சியம் அயனிகள் அங்குள்ள சோடியத்தை வெளியேற்றி அமரும்போது, களித்துகள்கள் ஒன்றுதிரண்டு, பிசுபிசுப்புக் குறைந்து, மண் பொலபொலவென்று உதிரும் நிலைக்கு வருகிறது. இம்மாற்றம் ஓரிரு நாளில் தெரியும். சுண்ணாம்பு களியிலுள்ள சிலிக்கா, அலுமினாவுடன் வினைபுரிந்து பெறும் உறுதியோ வாரக்கணக்கில்தான் வளரும், அதுவரை ஈரம் காயவிடக் கூடாது. உலர்ந்த மண்ணின் எடையில் 3 முதல் 6 சதவீதம் வரை பெரும்பாலும் தேவைப்படும். சரியான அளவை ஆய்வகமே சொல்ல வேண்டும். மூட்டை பிரிந்து மாதக்கணக்கில் காற்றுப்பட்ட சுண்ணாம்பு கார்பனேட்டாக மாறியிருக்கும். அதைக் கலப்பது வீண்செலவு. சிமென்ட், மணற்பாங்கான மண்ணுக்கும் சரளைக்கும் ஏற்றது. கட்டிதட்டிய களியில் அது சீராகக் கலப்பதற்குள் இறுகத் தொடங்கிவிடும்.

கேள்வி (விருதுநகர்): மண் எவ்வளவு வீங்கும் என்று எப்படி அறிவது?

பதில்: 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவு உருளைகளில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, 24 மணி நேரம் விட்டுவிடுவார்கள். மண்ணெண்ணெயில் களி வீங்காது. ஆகவே இரண்டிலும் படிந்த மண்ணின் கன அளவு வேறுபாட்டை, மண்ணெண்ணெயில் உள்ள அளவின் சதவீதமாகக் கணக்கிட்டால் வீக்கக் குறியீடு கிடைக்கும். அது 50ஐத் தாண்டினால் மிக அதிகம்.

கேள்வி (பெரம்பலூர்): சுண்ணாம்பு கலந்த பிறகும் தரை உப்பியதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: உண்மை. மண்ணில் சல்பேட் மிகுந்திருந்தால் அது சுண்ணாம்புடனும் களியின் அலுமினாவுடனும் சேர்ந்து எட்ரிங்கைட் என்னும், நீரை ஏற்று விரியும் படிகமாகிறது. உங்கள் மாவட்டத்துக் காரை என்னும் ஊர்ப் பகுதிக் களியில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) கண்ணுக்கே தெரியும் என்பதால், சல்பேட் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

கேள்வி (எட்டயபுரம்): மாடி வீட்டு அஸ்திவாரத்துக்கும் சுண்ணாம்பு போதுமா?

பதில்: போதாது. ஈரம் ஏறி இறங்கும் ஆழம், ஆழமான கரிசலில் சுமார் 3.5 மீட்டர் வரை செல்லும். மேலே சில அங்குலம் கலந்த சுண்ணாம்பு அதைத் தொடாது. அடியில் குமிழ்போல் விரித்து வார்க்கும் அண்டர்-ரீம்டு பைல்களை (கான்கிரீட் தூண்களை) அந்த ஆழத்துக்குக் கீழே நிறுத்தி, அவற்றின்மேல் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமுக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விடுவதே நம்பகமான வழி.

கேள்வி (சாத்தூர்): குழியில் மணல் நிரப்பினால் ஆகாதா?

பதில்: மணலில் மழைநீர் தேங்கிச் சுற்றிலுமுள்ள கரிசலை ஊறவைக்கும். வீங்காத செம்மண் சரளையை, உரிய ஈரப்பதத்தில், அடுக்கடுக்காக ரோலரால் இறுக்கி நிரப்புங்கள்.